வரப்புத் தகராறு

எனக்குப் புத்தி சரியில்லை என்ற செய்தி, யூரியா வாங்க வந்த ஒருவர் வாயால்தான் எனக்கே தெரியவந்தது.

அப்போது ஆடி மாதம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தர். உரம் விற்பதும் என் தலையில்தான். குறுவைக்கு மேலுரம் போடும் நேரம் என்பதால் கவுண்டரிலிருந்து வாசல் வரை வரிசை நின்றது. உரம் வேண்டுமென்றால் ஆதார் எண்ணைச் சொல்லி, ஒரு சின்ன மெஷினில் கட்டைவிரலை வைக்க வேண்டும். சேற்றில் கிடந்து ரேகை தேய்ந்த விரல்களை அந்த மெஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. "துடைச்சுட்டு வைங்க, அழுத்தி வைங்க" என்று காலையிலிருந்து கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வரிசையில் வந்தவர் பக்கத்து ஊர் விவசாயி. அறுபதை நெருங்கியவர், நல்ல மனுஷர், ஆனால் வந்தால் லேசில் போக மாட்டார். மழை, மாடு, மோட்டார் என்று எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார். அன்றைக்கு முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"பொண்ணுக்கு அமைஞ்சிருச்சும்மா. ஆவணி மொத முகூர்த்தத்துல நம்ம வீட்டுலயே நிச்சயம். அம்மாவையும் அழைச்சுக்கிட்டு அவசியம் வந்துரணும்."

அவர் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். வலங்கைமானில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். சங்கத்துக்கு நகல் எடுக்க நான் அங்கேதான் போவேன். முப்பதை நெருங்கியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப சந்தோஷம்ங்கய்யா. மாப்பிள்ளை எந்த ஊரு?"

"முத்துப்பேட்டைப் பக்கம். நெலம் இருக்கு, எறால் குட்டை இருக்கு. ரெண்டாந்தாரம்தான். ஆனா மொத சம்சாரம் சும்மா பேருக்குத்தாம்மா. கொஞ்சம் புத்தி சரியில்லாத பொண்ணாம். மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்களாம், பாவம். அப்புறம் அவங்களே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொழந்த குட்டின்னு ஒண்ணும் இல்ல. இந்தாங்க, மாப்பிள்ளையப் பாருங்க."

போனை நீட்டினார். பட்டு வேட்டி, தங்க நிற வாட்ச், ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மற்றபடி அதே சிரிப்பு. வெளியாட்களுக்கென்றே அவன் தனியாக எடுத்து வைத்திருக்கும் சிரிப்பு அது.

அந்தப் புத்தி சரியில்லாத பொண்ணு நான்தான்.

என் வலது கை மோதிர விரல் மடங்காது. கதவு நிலையில் என் கையை வைத்து, கதவை அவன் சாத்தினான். தவறிப்போய் இல்லை. முதலில் கையைப் பிடித்து நிலையில் வைத்தான், பிறகு சாத்தினான். காரணம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களிடம் நான், "காரணம் சொன்னா சரின்னு சொல்லிடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் நிறைய உண்டு. நான் கோர்ட்டுக்குப் போனேன். அவன் என்னை நெருங்கக் கூடாது என்று கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போட்டது. பிறகு விவாகரத்தும் ஆனது. அப்பா தஞ்சாவூரில் வேலை பார்த்ததால் நாங்கள் அங்கே இருந்தோம். அவர் காலமான பிறகு, எனக்குச் சங்கத்தில் வேலை கிடைத்து, அம்மாவும் நானும் இந்தப் பக்கம் வந்தோம். இங்கே எல்லோருக்கும் நான் சங்கத்து அம்மா. புருஷன் இல்லாமல் இருக்கிறேன் என்று தெரியும். யார் பெண்டாட்டியாக இருந்தவள் என்று தெரியாது. நானும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

"நல்லா விசாரிச்சீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டேன். 

"விசாரிக்காம இருப்பனா? அந்த ஊரு டீக்கடை, உரக்கடை, கோயில் குருக்கள்னு ஒரு நாள் பூரா சுத்துனேன். ஒருத்தர் ஒரு கொறை சொல்லலையே! என் தங்கச்சி வீட்டுக்காரரு போன்ல பேரப் போட்டுப் பாத்துட்டு, ஒரு கேஸ் காட்டுதுன்னாரு. அதையும் விடல, மாப்பிள்ளை வீட்டுலயே நேரா கேட்டுட்டேன். வரப்புத் தகராறாம். எதிர்ல ஒரு பொம்பள பேரு இருந்துச்சு. பங்காளி சம்சாரம் பேர்லதான் பட்டா இருக்காம். எல்லாம் முடிஞ்சு தீர்ப்பும் ஆயிருச்சு. நெலம் நீச்சு உள்ள குடும்பம்னா கேஸ் இல்லாமலாம்மா இருக்கும்?"

அந்தப் பொம்பளை பேர் என் பேர். தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பேர் என்பதால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வழக்கு என்றால் வரப்பு, வாய்க்கால், பட்டா, பாகப்பிரிவினைதான். அப்பன் போட்ட வழக்கை மகன் நடத்துவான். ஒரு குடும்பத்துக்கு வழக்கே இல்லை என்றால், நிலமே இல்லையோ என்று சந்தேகப்படுகிற ஊர் இது. கோர்ட் வழக்கைப் பார்த்துவிட்டு அவர் பயந்து ஓடவில்லை. வசதியான இடம்தான் என்று நிம்மதியாகத் திரும்பி வந்திருக்கிறார்.

இந்த விசாரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடு வாங்கப் போனால் அதைக் கறந்தவளைக் கூப்பிட்டுக் கேட்கிறோம், உதைக்குமா, முட்டுமா என்று. மாப்பிள்ளை பார்க்கப் போனால் டீக்கடைக்காரரைக் கேட்கிறோம். அவர் என்ன சொல்வார்? கடன் பாக்கி வைக்க மாட்டார், தங்கமான பிள்ளை என்பார். கூட இருந்தவளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை கேட்டதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அங்கேயே மேஜையைத் தட்டிச் சொல்லியிருப்பேன். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. புத்தி சரியில்லாதவள் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் வாயைத் திறந்தால், "பாத்தீங்களா, சொன்னோம்ல?" என்பார்கள். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றுகூட அவனுக்குத் தெரியாது, ஆனாலும் என் வாயை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தான். 

"கட்டைவிரலை வைங்கய்யா" என்றேன். அன்றைக்குப் பார்த்து மெஷின் முதல் தடவையே ஒத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சொல்லிடாதடி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைன்னு சொல்லுவாங்க. கல்யாணத்தைக் கலைக்கிற பாவம் நமக்கு வேண்டாம்."

"அந்த ஆயிரத்துல எத்தனை பொய்யை என் கல்யாணத்துக்குச் சொன்னாங்கம்மா?"

அம்மா மறுபடியும் அரிசியைக் களையத் தொடங்கினாள்.

"கலைச்சா பாவம். கை வெரலை ஒடைச்சா பாவம் இல்லையா? அதுக்கு ஏதாவது பழமொழி வச்சிருக்கியா?"

"அவன் தேடி வந்து ஏதாவது செஞ்சா யாருடி இருக்கா நமக்கு?" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். அவள் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் ஜெராக்ஸ் மெஷினைத் தட்டித் தட்டிச் சரிசெய்து, "இதுக்கு உங்க சங்கத்து மெஷின் மாதிரியே பிடிவாதம்க்கா" என்று சிரித்ததும், அவள் கையும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தன. ஐந்து விரலும் ஒழுங்காக மடங்குகிற கை.

என்னிடமிருந்த உத்தரவு நகல் இப்போது இல்லை. முன்பு அதை வெகுகாலம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு பெட்டியில் வைத்தேன். பெரிய புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பள்ளிக்கூடச் சான்றிதழோடு சேர்ந்து அதுவும் கூழாகிவிட்டது. வழக்கு எண்ணும் நினைவில் இல்லை. மறக்க வேண்டும் என்று முயன்று மறந்த எண் அது.

லீவு போட்டுவிட்டு, அன்றைக்கு எனக்காக வாதாடிய வக்கீலம்மாவைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"வெரல் மடங்குதாம்மா?"

"இல்லைங்க. ஆனா தட்டச்சு நல்லா வருது."

கம்ப்யூட்டரில் கோர்ட் இணையதளத்தைத் திறந்து, அவன் பேரையும் வருஷத்தையும் போட்டார். உட்கார்ந்த மாத்திரத்தில் வந்துவிட்டது. ஒரு வரி. அவன் பேர், என் பேர், முடிந்த வழக்கு என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். எதனால் வழக்கு, யார் யாரை அடித்தார், ஒன்றும் கிடையாது. வழக்கு வகைக்கு மூன்று ஆங்கில எழுத்து இருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் அது குடும்ப வன்முறை வழக்கு. தெரியாதவர்களுக்கு வரப்புத் தகராறு என்று சொன்னால் அதுவும் பொருந்தும்.

"உத்தரவு முழுசா இதுல இல்லம்மா. நகல் மனு போட்டு வாங்கணும். நீங்க வழக்குக்காரங்கதானே, தாராளமா கிடைக்கும். எதுக்கு இப்போ?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒண்ணு தெரியுமா உங்களுக்கு? அந்தப் பாதுகாப்பு உத்தரவு இன்னும் செல்லும். நீங்களா போய், எனக்கு இது வேண்டாம்னு மனு போட்டு ரத்து பண்ற வரைக்கும் உயிரோடதான் இருக்கும். போட்டீங்களா?"

"நான் எதுக்குங்க போடப் போறேன்?"

"அப்ப அவர் உங்க கிட்ட வந்தார்னா இன்னைக்கும் குத்தம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் நான் தூங்கும்போதும், உரம் விற்கும்போதும், அம்மாவோடு சண்டை போடும்போதும் அது எனக்குக் காவல் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நகல் மனு போடப் போனேன். அங்கிருந்தவர், "ரொம்பப் பழசா இருக்கே, இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, சும்மா பேச்சுக்குத்தான். "படிச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். பழைய கட்டைத் தேடி எடுத்து, நகல் எடுத்து, சீல் வைத்துத் தரச் சில வாரம் ஆகும் என்றார்கள். ஆடி பாதி போயிருந்தது. போய்ப் போய் நின்றேன். ஆடி முடியும் நேரத்தில் கிடைத்தது.

கோர்ட் வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அதில் எனக்குப் பேர் மனுதாரர். மனுதாரரின் விரல் எலும்பு முறிந்தது. மனுதாரர் தன் தாய் வீட்டுக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. மனுதாரர் இரவு முழுவதும் கொல்லைப்புறத்தில் நிறுத்தப்பட்டார். யாரோ ஒருத்தியின் கதையைப் படிப்பது மாதிரி கொஞ்சம் தூரம் போனேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'மனுதாரரின் சாட்சியம் தெளிவாகவும் நம்பும்படியாகவும் உள்ளது.'

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் தேம்பித் தேம்பி அழுதேன். தெளிவாகவும் நம்பும்படியாகவும். அடேய், இதைத்தானடா நீ பைத்தியம் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறாய்!

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பெண்ணின் அப்பா வயலுக்குப் போனேன். வரப்பில் உட்காரச் சொன்னார். காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துப் படித்தார். பாதியில் நிறுத்தி என் கையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நீங்கதானாம்மா?"

"நான்தாங்கய்யா. புத்தி எப்படி இருக்கு, சரியா இருக்கா?"

அவர் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"சொந்தம் பந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சும்மா. இப்ப நின்னா இவளுக்கு இனிமே எவன் வருவான்? அதுவுமில்லாம இது பழைய சங்கதி. மனுசன் திருந்த மாட்டானா?"

"திருந்துனவன் எதுக்குங்கய்யா வரப்புன்னு பொய் சொல்லணும்? ஆமா, அடிச்சேன், புத்தி வந்துச்சுன்னு சொல்லிருக்கலாம்ல?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணுக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"அவகிட்டதாங்கய்யா சொல்லப் போறேன். கட்டிக்கப் போறது அவதானே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. வழக்கம்போலச் சிரித்தாள்.

"சங்கத்துக் காகிதமாக்கா?"

"இல்லம்மா, என்னோடது. எல்லாப் பக்கமும் ரெண்டு காப்பி போடு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு உனக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து முதல் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தாள். இரண்டாவது தாளைக் கவிழ்க்கும்போது அவள் கண் அந்தப் பேரில் பட்டுவிட்டது. தாளைத் திருப்பினாள். நின்றுகொண்டே முழுவதையும் படித்தாள். மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. படித்து முடித்ததும் அழவில்லை, கத்தவில்லை. கவுண்டர் மேல் இருந்த என் வலது கையை எடுத்து, மோதிர விரலைத் தொட்டாள்.

"இந்த வெரலாக்கா?"

"ஆமாம்மா."

"வரப்புத் தகராறுன்னாங்க. அப்பாவுக்குத் தெரியுமா?"

"நேத்து காட்டிட்டேன்."

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. அவனுக்காக இல்லை, அப்பாவுக்காக. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஜெராக்ஸை நீங்க வச்சுக்கங்கக்கா. சீல் இருக்கறதை எனக்குக் குடுங்க. ஜெராக்ஸ்னா, கம்ப்யூட்டர்ல நானே அடிச்சதுன்னு சொல்லிடுவாங்க."

அலைந்து திரிந்து வாங்கிய காகிதம். கொடுக்க மனசு வரவில்லைதான். ஆனாலும் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "நீங்க நிச்சயத்துக்கு வந்துருங்கக்கா. அப்பாதான் கூப்பிட்டிருக்காரே" என்றாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று இருக்கிறதிலேயே நல்ல பட்டுப்புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, தலைவாரி வந்தாள்.

"தனியா போகாத. நானும் வரேன்" என்றாள். வழி முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் பந்தல். என்னைப் பார்த்ததும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. அழைத்த வீட்டுக்காரர் வராதே என்று எப்படிச் சொல்வார்? "வாங்க" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். நாங்கள் போய்ப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். எதிரே மாப்பிள்ளை வீட்டார். அவன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே கரைந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒருகாலத்தில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுக்களைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு முதல் வரிசையை விட்டு நகரவில்லை. 

தாம்பூலம் மாற்றுவதற்கு முன் லக்னப் பத்திரிகையைச் சபையில் படிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் பெரியப்பாதான் படிப்பவர். அந்த ஊரில் எந்த வீட்டு நிச்சயம் என்றாலும் அவர்தான். மைக் வேண்டாத தொண்டை. தட்டில் எது இருந்தாலும் ராகம் போட்டுப் படித்துவிடுவார், அப்புறம்தான் அர்த்தத்தை யோசிப்பார். பத்திரிகையைப் படித்தார். நிகழும் மங்களகரமான என்று ஆரம்பித்து, இன்ன ஊர், இன்னார் பேரன், இன்னார் மகன் இன்னாருக்கு என்று நீட்டி முழக்கி முடித்தார். தட்டில் அதற்கு அடியில் இன்னொரு தாள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி மடித்து வைத்திருந்தது. சீர் விவரம் என்று நினைத்திருப்பார். விரித்தார். அது உத்தரவின் கடைசிப் பக்கம். அதிலும் மேலேயே இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் என்றுதான் இருந்தது. பெரியப்பாவுக்குப் பழகிய பாதை. அதே ராகத்தில் இறங்கிவிட்டார்.

"இன்ன ஊர், இன்னார் மகன் இன்னாராகிய எதிர்மனுதாரர், மனுதாரரை அடிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றும், மனுதாரர் வசிக்கும் இடத்திற்கோ பணிபுரியும் இடத்திற்கோ செல்லக் கூடாது என்றும், அவரை நெருங்கவோ பேச முயலவோ கூடாது என்றும் இந்நீதிமன்றம்..."

அங்கேதான் ராகம் அறுந்தது. 

"ஏன் நிறுத்திட்டீங்க பெரியப்பா?" உள்ளேயிருந்து அவள் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. "சபைக்கு வந்த தட்டுல இருக்கறதுதானே? படிங்க."

மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். "என்னங்க இது, சுப காரியத்துல கோர்ட்டு காகிதம்? அதெல்லாம் முடிஞ்சு போன கேஸுங்க!"

"வரப்புத் தகராறுன்னு சொன்னீங்களே மாமா?" என்றாள் அவள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், "அது எந்த வயக்காட்டு வரப்புங்க? பொம்பளைய அடிச்சுத்தான் வரப்புக்கு அண்டை கட்டுவீங்களோ?" என்று கேட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. விருட்டென்று எழுந்து என்னை நோக்கி வந்தான்.

"ஏய், எல்லாம் உன் வேலைதானடி? பைத்தியக்காரி!"

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். நான் எழுந்து நின்றேன்.

"அங்கயே நில்லு. கூப்பிட்டாங்க, வந்தேன், உக்காந்திருக்கேன். நான் உன்கிட்ட வரல, நீதான் என்கிட்ட வர்ற. இப்பத்தான் ராகம் போட்டுப் படிச்சாரு, காதுல விழல? அந்த உத்தரவு இன்னைக்கும் செல்லும். இன்னும் ஒரு எட்டு வச்சுப் பாரு, இந்தப் பந்தல்ல இருக்கற அத்தனை பேரும் எனக்குச் சாட்சி."

நின்றுவிட்டான். அவ்வளவு பேருக்கு நடுவில், ஓங்கப் போன கையை என்ன செய்வதென்று தெரியாமல், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் அப்படித் தயங்கி நின்று நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் பிடி தளர்ந்தது.

எல்லோரும் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக வந்தார். சபைக்கு நடுவில் இருந்த தங்கள் வீட்டுத் தட்டைக் குனிந்து எடுத்தார். வெற்றிலை ஒன்று நழுவி விழுந்தது. அதையும் எடுத்து வைத்தார். தட்டை மகள் கையில் கொடுத்து, "உள்ள கொண்டு போம்மா" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் காரேறினார்கள். சமைத்ததை என்ன செய்வது? பெரியப்பாதான், "எல போடுங்கய்யா, எல!" என்று அதே தொண்டையில் கத்தினார். ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. நான் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அம்மா மூன்று தடவை.

அதற்கப்புறம் பெண்ணின் அப்பா சங்கத்துக்கு வரவில்லை. நல்லது செய்தவளுக்கு ஊர் மாலை போடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கல்யாணத்தைக் கலைத்தவள் என்று என் காதுபடவே இரண்டு பேர் பேசினார்கள். "ஆமா, கலைச்சேன்" என்று அவர்கள் காதுபட நானும் சொன்னேன். சம்பாவுக்கு மேலுரம் போடும் காலத்தில் ஒருநாள் வரிசையில் அவர் நின்றார். மழை, மாடு, மோட்டார் எதுவும் பேசவில்லை. கட்டைவிரலை வைத்தார். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"அந்த வெரல டாக்டர்ட்ட காட்டுனா சரியாகாதாம்மா?"

"இனிமே ஆகாதுங்கய்யா. பரவால்ல, வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். என் உத்தரவு. சீல் வைத்த அசல் நகல்.

"பொண்ணு குடுத்துவிட்டுச்சு. கடைசித் தாள்ல மஞ்சள் பட்டுருச்சு. தொடைச்சுப் பாத்தேன், போகல. மன்னிச்சுக்கங்கம்மா."

அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நான் தாளை வாங்கி, மடிப்பு பிரிக்காமல் கைப்பையில் வைத்தேன்.

"நல்ல காரியத்துக்குப் போயிட்டு வந்த காகிதம்ங்கய்யா. மஞ்சள் இல்லாம எப்படி வரும்?"